நாகஸ்வரம் கிழிகிறது என்றால் கிளிப்பரை எத்தனையில் வைப்பது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. கும்பகோணம் பக்கம் ஒரு சமுதாய வானொலி. 50 வாட் டிரான்ஸ்மிட்டர். ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஒரு ப்ராசஸர் மென்பொருள் (ஒலியின் மட்டத்தைச் சீர்படுத்தி டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்புவது). திருச்சித் தனியார் நிலையத்திலிருந்து உங்கள் நிலையத்துக்கு மாற்றினால் சத்தம் அமுங்கிப்போகிறது. யாரோ சொன்னார்கள் என்று கிளிப்பருக்குள் (ஒலியின் உச்சங்களை வெட்டும் பகுதி) போகும் ட்ரைவை, அதாவது உள்ளே தள்ளும் மட்டத்தை, 6 டெசிபெல் ஏற்றினீர்கள். சத்தம் கூடியது. ஆனால் நெல் விலையும் வானிலையும் சொல்கிற பெண்ணின் குரலில் 'ஸ்' வரும் இடமெல்லாம் சீறுகிறது, காலை ஆறு மணி நாகஸ்வரம் கிழிகிறது. லிமிட்டரை (உச்சம் வரும்போது ஒலியைக் குறைக்கும் பகுதி) எத்தனையில், கிளிப்பரை எத்தனையில் வைப்பது என்று இரண்டு எண் கேட்கிறீர்கள். எண் தருகிறேன், ஆனால் கடைசியில். அதற்கு முன், சத்தத்தை எந்த இடத்தில் சம்பாதிப்பது என்று பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் அதைக் கிளிப்பரில் சம்பாதிக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

நான் ஒலிபரப்பில் டெக்னிக்கல் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். இப்போது ஓய்வு. அவ்வப்போது டெல்டாவில் உள்ள சிறு நிலையங்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உங்கள் பெட்டியை நான் பார்க்கவில்லை, உங்கள் ஒலியைக் கேட்கவும் இல்லை. ஆகவே கீழே இயற்பியல் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். என் கைவழக்கம் என்று சொல்வதை உங்கள் காதால் சோதித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அசையாத ஒன்று. எஃப்எம்மில் ஒலியின் உச்சம் கேரியரை (ஒலியைச் சுமந்து செல்லும் அலை) மையத்திலிருந்து இந்தப் பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ், அந்தப் பக்கம் 75 கிலோஹெர்ட்ஸ் வரைதான் தள்ளலாம். இதைத்தான் நூறு சதவீத மாடுலேஷன் என்கிறோம். அதற்கு மேல் போனால் பக்கத்து அலைவரிசைக்காரருக்குத் தொந்தரவு. அதைவிட முக்கியம், மலிவான ரேடியோக்களிலும் போன்களிலும் உள்ள வடிகட்டி அவ்வளவு அகலத்தை விடாது. அப்போது ரேடியோவே பிசிறடிக்கும், நேயர் உங்கள் நிலையத்தைத் திட்டுவார். ஆக, கிளிப்பரின் மட்டம் நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கிற ஒன்று கிடையாது. அது 75 கிலோஹெர்ட்ஸுக்குச் சமமான இடத்தில் ஒருமுறை நிறுத்தி, பிறகு தொடாமல் விட வேண்டிய கூரை. நீங்கள் திருகுவது அந்தக் கூரையை நோக்கி ஒலியை எவ்வளவு முட்டவைக்கிறோம் என்பதை. 6 டெசிபெல் முட்டவைத்தால் கூரையைப் போல இரண்டு மடங்கு உயரமான உச்சங்கள் வருகின்றன, அவற்றில் பாதியை வெட்டி எறிகிறீர்கள் என்று கணக்கு.

நம் ஊர்க்காரருக்கு இதைத் தண்ணீரால் சொல்வது சுலபம். மேட்டூரில் ஷட்டரை மெதுவாக ஏற்றி இறக்குவது ஏஜிசி (ஒலி மட்டத்தைத் தானாகச் சரிசெய்யும் பகுதி). கல்லணையில் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு என்று பிரிப்பது மல்டிபேண்ட் (அடி, நடு, மேல் என்று ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகக் கையாளும் பகுதி). வாய்க்கால் தலைப்பில் உள்ள மதகு லிமிட்டர். வரத்து ஏறுகிறது என்று தெரிந்ததும் கதவை இறக்கிவிடும். கரையின் உயரம் கிளிப்பர். வயலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று யாரும் கரையில் முட்ட முட்ட விடுவதில்லை. மேலே முறையாகத் திறந்துவிட்டால் வாய்க்கால் நாள் முழுக்க முக்கால் அளவில் ஓடும். உவமையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இழுத்தால் கொள்ளிடம் வரை போய்விடும்.

அடுத்து ப்ரீ-எம்பசிஸ். உங்கள் சீறலுக்கு இங்கேதான் காரணம் இருக்கும் என்று எனக்குப் பலத்த சந்தேகம். எஃப்எம்மில் இரைச்சல் மேல் அதிர்வெண்களில்தான் அதிகம். அதனால் அனுப்பும்போதே மேல் பகுதியை உயர்த்தி அனுப்புகிறோம், ரேடியோ அதே அளவு தாழ்த்திக் கொடுக்கிறது, கூடவே இரைச்சலும் தாழ்கிறது. நம் நாட்டில் இதன் அளவு 50 மைக்ரோசெகண்ட். அமெரிக்காவில் 75. 50 மைக்ரோசெகண்ட் என்றால் 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. 5 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 5 டெசிபெல், 8 கிலோஹெர்ட்ஸில் எட்டரை, 15 கிலோஹெர்ட்ஸில் 13 டெசிபெலுக்கும் மேல். இந்த ஏற்பாடு வந்த காலத்தில் ஒலிப்பதிவுகளில் மேல்பகுதி அவ்வளவாக இருக்காது, யாருக்கும் வலிக்கவில்லை. இன்றைய சினிமாப் பாட்டில் மேல்பகுதி நிரம்பி வழிகிறது. குரலில் 'ஸ்' சத்தத்தின் பலம் இருப்பதும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றில்தான். ஆக மீட்டரில் அடக்கமாகத் தெரிகிற ஒரு 'ஸ்', கிளிப்பர் வாசலுக்கு வரும்போது ஆளுயரத்துக்கு நிற்கும்.

இதில் சிறு நிலையங்கள் விழுகிற குழி ஒன்று உண்டு. ப்ராசஸர் மென்பொருளிலும் 50 மைக்ரோசெகண்ட் போட்டிருப்பார்கள், டிரான்ஸ்மிட்டரிலும் அதே 50 போட்டிருக்கும். இரண்டு முறை ஏற்றினால் 8 கிலோஹெர்ட்ஸில் பதினேழு டெசிபெல் ஏற்றம், ரேடியோ ஒருமுறைதான் இறக்கும். மீதி எட்டரை டெசிபெல் நேயரின் காதில். போதாக்குறைக்கு அந்த இரண்டாவது ஏற்றம் கிளிப்பருக்குப் பின்னால் நடப்பதால், கூரை என்று நீங்கள் கட்டியதையெல்லாம் தாண்டி 'ஸ்' மட்டும் வெளியே எகிறும். திருவாரூர் பக்கம் ஒரு நிலையத்தில் இதைப் பார்த்தேன். மூன்று மாதமாக லிமிட்டரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். டிரான்ஸ்மிட்டர் மூடியைக் கழற்றினால் எக்ஸைட்டர் போர்டின் (கேரியரை உருவாக்கும் பலகை) ஓரத்தில் மூன்று பின், இரண்டு பின்னை இணைக்கும் ஒரு சின்ன நீல ஜம்பர், பக்கத்தில் 0, 50, 75 என்று அச்சு. ஜம்பர் 50இல். ட்வீசரால் பிடுங்கி 0இல் செருகியதும் அந்த அறிவிப்பாளரின் 'வணக்கம் நேயர்களே, இன்றைய ஸ்பெஷல்' என்பதில் இருந்த பாம்பு போய்விட்டது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை, ஒரு பேப்பரை எடுத்து 'ஸ்ரீரங்கம், ஸ்ரீவாஞ்சியம், சுவாமிமலை' என்று ஊர்ப்பெயராக வாசித்துப் பார்த்தார்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ப்ரீ-எம்பசிஸ் மொத்தப் பாதையில் ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். ப்ராசஸரில் வைத்துவிட்டு டிரான்ஸ்மிட்டரில் அணைப்பது நல்லது, ஏனென்றால் கிளிப்பர் அந்த ஏற்றத்தைப் பார்த்த பிறகுதான் சரியாக வேலை செய்யும். உங்கள் டிரான்ஸ்மிட்டரில் அணைக்க வழியில்லை என்றால், ப்ராசஸரின் அவுட்புட்டில் ஏற்றத்தை எடுத்துவிட்டு அனுப்பும் வசதி இருக்கிறதா பாருங்கள். உள்ளே ஏற்றி, வெட்டி, பிறகு இறக்கி அனுப்பும். அதுவும் பாதகமில்லை. பெட்டியைத் திறக்கும் முன் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம்.

சரி, ஜம்பர் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் 6 டெசிபெல் கிளிப்பிங்கில் நாகஸ்வரம் கிழியத்தான் செய்யும். தவில் அவ்வளவாகக் கிழியாது. இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். அடி விழுவது தவிலில்தானே, உச்சம் அங்கேதானே? உச்சம் அங்கேதான். ஆனால் வலந்தலையில் விரல்கூடு படுகிற அந்த 'த' சத்தம் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது. அதன் நுனியை மூன்று டெசிபெல் சீவினாலும் காதுக்குப் பிடிபடாது, தவில் கொஞ்சம் மழுங்கியதாகத் தோன்றும், அவ்வளவுதான். நாயனம் அப்படி இல்லை. சீவாளியிலிருந்து வருகிற ஒலியில் அடிப்படைச் சுரத்தின் மேல் அடுக்கடுக்காக ஹார்மானிக்குகள் (அந்தச் சுரத்தின் மடங்குகளில் வரும் ஒலிகள்) பலமாக நிற்கின்றன, ஒரு கார்வையை நான்கு விநாடி பிடித்தால் நான்கு விநாடியும் கிளிப்பர் வெட்டிக்கொண்டே இருக்கிறது. காதுக்கு அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது.

ஒற்றை நாகஸ்வரத்தை வெட்டினால்கூடச் சமாளிக்கலாம், ஏனென்றால் வெட்டுவதால் பிறக்கும் புது ஒலிகள் அதே சுரத்தின் மடங்குகளில் போய் உட்காரும், ஒலி இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆனால் நம் கச்சேரியில் ஒற்றை ஏது? இரண்டு நாயனம், ஒத்து அல்லது சுருதிப்பெட்டி, தவில், தாளம். இரண்டு ஒலிகள் சேர்ந்து கிளிப்பருக்குள் போனால் அவற்றின் கூட்டல் கழித்தலில் புது ஒலிகள் பிறக்கும். 5 கிலோஹெர்ட்ஸும் 6 கிலோஹெர்ட்ஸும் சேர்ந்து போனால் 4இலும் 7இலும் குட்டி போடும். மேலே விழுந்த 7ஐ ரேடியோவின் டீ-எம்பசிஸ் (ரேடியோ மேல்பகுதியைத் தாழ்த்தும் என்றேனே, அது) ஓரளவு அமுக்கிவிடும். கீழே விழுந்தது அவ்வளவாக அமுங்காது, அது எந்த ராகத்திலும் சேராத சுரம். கிழிகிறது என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். 'ஸ்' சீறுவதும் இதே கதை. உயர்த்தப்பட்ட மேல்பகுதியை வெட்டுகிறோம், அதன் கழிவு கீழ்ப்பகுதியில் கொட்டுகிறது. திமிரி நாயனப் பதிவுகளில் இது பாரியைவிடச் சீக்கிரம் தெரியும், சுருதி மேலே இருப்பதால். இன்றைய நல்ல ப்ராசஸர்களில் இந்தக் கழிவைக் கணக்கிட்டுக் கழித்துவிடும் கிளிப்பர் இருக்கிறது. அது உதவும், ஆனால் 6 டெசிபெலைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

அப்படியானால் லிமிட்டர் என்ன செய்ய வேண்டும்? கிளிப்பர் அலையின் வடிவத்தை வெட்டுகிறது. லிமிட்டர் அலையை முழுதாகச் சிறிதாக்குகிறது, வடிவம் கெடாமல். ஆகவே நீண்டு நிற்கும் உச்சங்களை லிமிட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற உச்சங்கள் மட்டும் கிளிப்பருக்கு. இதைத் தீர்மானிப்பது அட்டாக் (லிமிட்டர் இறுக்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (திரும்ப விட எடுக்கும் நேரம்) என்ற இரண்டு நேரங்கள். அட்டாக்கை 2 மில்லிசெகண்ட் அளவில் வைத்தால் தவிலின் நுனி லிமிட்டரை ஏமாற்றிவிட்டுக் கிளிப்பரில் முட்டும், கார்வை லிமிட்டரிடம் மாட்டிக்கொள்ளும். இதுதான் வேண்டும். ரிலீஸில்தான் பேராசை தலைகாட்டும். சீக்கிரம் விட்டால் சத்தம் கூடும் என்று 20 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோவார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். லிமிட்டர் அந்தச் சுற்றுக்குள்ளேயே ஏறி இறங்க ஆரம்பித்தால் தொப்பியின் கும்காரம் நாயனத்தைக் குலுக்கும். 100 முதல் 150 மில்லிசெகண்டில் தொடங்குங்கள்.

சத்தத்தைச் சம்பாதிக்கும் இடம் இதற்கும் முன்னால் இருக்கிறது. திருச்சி நிலையம் பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் அவர்கள் ஆழமாக வெட்டுவது என்று நினைக்கிறீர்கள். பெரும்பகுதி அடர்த்திதான்: ஏஜிசி மெதுவாக எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது, மல்டிபேண்ட் கம்ப்ரஸர் அடி, நடு, மேல் என்று தனித்தனியாக நிரப்புகிறது. உச்சம் எல்லோருக்கும் அதே 75 கிலோஹெர்ட்ஸ்தான். அவர்களுடைய சராசரி உச்சத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது, உங்களுடையது கீழே கிடக்கிறது. திருவையாற்றில் பஞ்சரத்தினம் பாடுவதை நேரடியாகக் கேட்டிருப்பீர்கள். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடும்போது மாடுலேஷன் மீட்டர் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதுபோல நிற்கும், ப்ராசஸரே தேவையில்லை, அடர்த்தி இயற்கையாகவே இருக்கிறது. தனி ஆள் மைக்கின் முன் பேசும்போது முள் துள்ளும், விழும். அந்த விழுவதை மேலே தூக்குவதுதான் ஏஜிசியின் வேலை.

ஆனால் ஏஜிசிக்கு எது பேச்சு, எது மழை என்று தெரியாது. தகரக் கூரை போட்ட ஸ்டூடியோவில் ஐப்பசி மழையன்று அறிவிப்பாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மழை மேலே ஏறி வருவதைக் கேட்டிருக்கிறேன். பிறகு பேச ஆரம்பித்ததும் மழை 'சட்'டென்று விலகும். இதற்கு கேட் என்று ஒரு வசதி உண்டு. உள்ளே வரும் மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஏஜிசி இருக்கும் இடத்திலேயே உறைந்து நிற்கும். மின்விசிறிச் சத்தம், பழைய இசைத்தட்டின் கரகரப்பு எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் பழைய 78 ஆர்பிஎம் தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகளைக் காலையில் போடுகிறவராக இருந்தால், கேட் இல்லாமல் மல்டிபேண்டை ஓட்டாதீர்கள். மேல் பேண்டில் இசையே இருக்காது, தட்டின் உராய்வு மட்டும்தான் இருக்கும். கம்ப்ரஸர் அதைத் தேடி எடுத்து உங்கள் நேயருக்குப் பரிமாறும்.

இன்னொன்று, நீங்கள் ஸ்டீரியோவில் ஓடுகிறீர்களா? கேள்வியில் சொல்லவில்லை. உங்கள் வாட்டுக்கு நான் மோனோ என்றுதான் சொல்வேன். ஸ்டீரியோ என்றால் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் (இது ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் டோன்) எட்டு முதல் பத்து சதவீத இடத்தை எடுத்துக்கொள்கிறது. அணைத்தால் கிட்டத்தட்ட ஒரு டெசிபெல் இலவசமாகக் கிடைக்கும், கிளிப்பரைத் தொடாமலே. அதைவிடப் பெரிய லாபம் ஓரங்களில். சிக்னல் மெலிந்த இடத்தில் ஸ்டீரியோ வரவேற்பின் இரைச்சல் மோனோவைவிட சுமார் 20 டெசிபெல் அதிகம். வலங்கைமான் தாண்டி வயலில் இருப்பவருக்கு உங்கள் நிலையம் 'அமுங்கி'க் கேட்பதில் பாதி, சத்தம் குறைவு என்பதைவிட, இரைச்சல் கூடுதல் என்பதாக இருக்கலாம். சமுதாய வானொலிக்கு அனுமதி பொதுவாக 100 வாட் ஈஆர்பி (ஆண்டெனாவிலிருந்து வெளியேறும் பயனுறு சக்தி), ஆண்டெனா 30 மீட்டருக்குள். திருச்சியில் இருப்பது கிலோவாட் கணக்கு. அந்த இடைவெளியை எந்த ப்ராசஸரும் நிரப்பாது.

இப்போது கூரையை அளந்து வைப்பது. டிரான்ஸ்மிட்டர் முகப்பில் உள்ள எல்இடி பட்டையை நம்ப வேண்டாம், பாதிக்குப் பாதி அவை சராசரியைக் காட்டும், உச்சத்தைத் தவறவிடும். பழைய, ஆனால் பொய் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரு டோனை அனுப்பி அதன் மட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால், குறிப்பிட்ட இடங்களில் நடுவில் உள்ள கேரியர் முழுதாக மறைந்துவிடும். சக்தி எல்லாம் பக்க அலைகளுக்குப் போய்விடும். பெஸல் என்ற கணிதச் சார்பிலிருந்து வருகிற கணக்கு அது. 13,587 ஹெர்ட்ஸ் டோனை ப்ரீ-எம்பசிஸ் இல்லாமல் அனுப்புங்கள். மட்டத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றுங்கள். கேரியர் முதல் முறை மறையும்போது டீவியேஷன் (கேரியர் மையத்திலிருந்து தள்ளப்படும் அளவு) 33 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கம். தொடர்ந்து ஏற்றினால் மீண்டும் வரும், இரண்டாம் முறை மறையும். அங்கே டீவியேஷன் மிகச் சரியாக 75 கிலோஹெர்ட்ஸ். பார்ப்பதற்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டாம், டிவி பார்க்கும் யூஎஸ்பி குச்சி போல விற்கிற ஆர்டிஎல்-எஸ்டிஆர் போதும். டிரான்ஸ்மிட்டரின் ஆண்டெனா இணைப்பை அதில் நேரடியாகக் கோத்துவிடாதீர்கள், எரிந்துபோகும். பக்கத்து அறையில் ஒரு சாண் கம்பி போதும். ஒலிபரப்பு நேரத்தில் இதைச் செய்ய வேண்டாம். டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் சக்தியை விழுங்கிக்கொள்ளும் சுமை) இருந்தால் அதில் செய்யுங்கள்.

அந்த இடத்தில் ப்ராசஸரின் அவுட்புட் எந்த மட்டத்தில் இருந்ததோ அதுதான் உங்கள் கூரை. இங்கே ஒரு சிக்கல். ப்ராசஸர் வெட்டித் தட்டையாக்கிய அலை, அதன் பிறகு வேறொரு 15 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி வழியாகப் போனால் தட்டையான மேல்பகுதி மீண்டும் புடைத்துக்கொள்ளும். சதுர அலையிலிருந்து மேல் ஹார்மானிக்குகளை எடுத்துவிட்டால் மிஞ்சும் அடிப்படை அலை, சதுரத்தைவிட 2 டெசிபெல் உயரமாக நிற்கும். இது கணக்கு, யார் பெட்டி என்பதைப் பொறுத்ததில்லை. அந்தக் காலத்தில் லிமிட்டர் ஒரு பெட்டி, ஸ்டீரியோ ஜெனரேட்டர் வேறொரு பெட்டி, நடுவில் இந்த வடிகட்டி, அதனால் எல்லோரும் மாடுலேஷனைக் குறைத்தே ஓட்டினார்கள். 1975இல் ராபர்ட் ஆர்பன் ஆப்டிமாட் 8000 என்ற பெட்டியில் இரண்டையும் ஒன்றாக்கி இந்தப் புடைப்பைக் கட்டுப்படுத்தியதுதான் எஃப்எம் சத்தத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம். உங்கள் நிலைமை கிட்டத்தட்ட அந்தப் பழைய நிலைமை: கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டிலிருந்து டிரான்ஸ்மிட்டரின் ஆடியோ இன்புட்டுக்குப் போகிறது, டிரான்ஸ்மிட்டருக்குள் ஒரு வடிகட்டி இருக்கும். ஆகவே கூரைக்குக் கீழே ஒன்று, ஒன்றரை டெசிபெல் விட்டு வையுங்கள். மலிவான சவுண்ட் கார்டு என்றால் அடி ஒலிகளில் தட்டையான மேல்பகுதி சாய்ந்து, அதனாலும் உச்சம் எகிறும். டிரான்ஸ்மிட்டருக்குள் சொந்தமாக ஒரு லிமிட்டர் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இரண்டு மேஸ்திரி ஒரே சுவரைக் கட்டினால் நேராக வராது.

மூலத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே கிழிந்துவிட்டது, பின்னால் உள்ள எந்தத் திருகும் அதைத் தைக்காது. கம்ப்யூட்டருக்குள் போகும் மட்டத்தைச் சராசரியாக மைனஸ் 18 முதல் 20 டெசிபெலில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த நாகஸ்வரப் பதிவை ஒலிபரப்பிவிட்டுக் கிளிப்பரைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட எண்கள். இவை என் கைவழக்கம், பேச்சும் நாட்டுப்புறப் பாட்டும் நாயனமும் கலந்து ஓடுகிற நிலையத்துக்கு. ஏஜிசி சராசரியாக 8 டெசிபெல் குறைத்துக்கொண்டிருக்கட்டும், ஏறி இறங்குவது நிதானமாக, கேட் போட்டு. மல்டிபேண்டில் ஒவ்வொரு பேண்டிலும் 4, 5 டெசிபெல். லிமிட்டரில் பேசும்போது 3 டெசிபெல் சுற்றி ஆடட்டும், நாயனக் கார்வையில் 5 வரை போனாலும் சரி. அதன் பிறகு கிளிப்பர் ட்ரைவை முழுதாகக் கீழே இறக்கி, கிளிப்பர் ஒன்றும் செய்யாத நிலையில் அரை மணி நேரம் கேளுங்கள். அப்புறம் அரை அரை டெசிபெலாக ஏற்றுங்கள். உச்சங்களில் 1 முதல் 2 டெசிபெல் வெட்டும் இடத்தில் நின்றுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். குத்துப்பாட்டு மட்டும் போடும் நிலையம் 3 வரை போவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது ஆகாது. அறிவிப்பாளரின் 'ஸ்' இன்னும் உறுத்தினால் மைக் சேனலில் ஒரு டீ-எஸ்ஸர் ('ஸ்' சத்தத்தை மட்டும் அமுக்குவது), 6 கிலோஹெர்ட்ஸ் சுற்றில், 3, 4 டெசிபெல். ஒரு குரலின் குறையை அந்தக் குரலிலேயே சரிசெய்வது நல்லது, மொத்த நிலையத்தின் மேல்பகுதியையும் மழுங்கடிப்பதைவிட.

ஏற்றும்போதெல்லாம் ஒரு கண்கட்டு வித்தை நடக்கும், கவனம். அரை டெசிபெல் கூடிய ஒலி எப்போதும் 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும். அதனால் மாற்றத்துக்கு முன், பின் என்று இரண்டு பதிவு எடுத்து, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் கிளிப்பரில் ஏற்றியது பெரும்பாலும் தோற்றுப்போகும். கேட்பது ஸ்டூடியோ ஸ்பீக்கரில் வேண்டாம். நேயர் எதில் கேட்கிறாரோ அதில்: ஒரு சாதாரண போன், ஒரு பழைய பேட்டரி ரேடியோ, முடிந்தால் டீக்கடையில் ஓடுகிற பெட்டி. சோதனைக்கு நான் மூன்றே மூன்று துண்டு வைத்திருப்பேன். ஒரு பெண் குரல் பேச்சு, இரட்டை நாயனத்தில் நீண்ட ஆலாபனை, ஒரு வீணை. வீணையின் ஒற்றை மீட்டு மெல்ல அடங்கும்போது ஏஜிசியும் லிமிட்டரும் என்ன தப்பு செய்தாலும் மறைக்க இடமில்லாமல் அகப்பட்டுவிடும்.

இதில் சந்தேகமில்லாதவை 75 கிலோஹெர்ட்ஸும், 50 மைக்ரோசெகண்டும், ஒரே ஒரு ப்ரீ-எம்பசிஸும்தான். லிமிட்டர் 3ஆ 5ஆ என்பதில் இன்னொரு பொறியாளர் என்னோடு சண்டை போடலாம், அவர் சொல்வதும் அவர் நிலையத்துக்குச் சரியாக இருக்கும். உங்கள் சீறலுக்கு ஜம்பர்தான் காரணம் என்பது தொலைவிலிருந்து வைக்கிற யூகம், 6 டெசிபெல் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்ப்பது எளிது: ட்ரைவைப் பழைய இடத்துக்கு இறக்குங்கள். நாயனம் தெளிந்து 'ஸ்' மட்டும் சீறினால் மூடியைக் கழற்றுங்கள். இரண்டுமே தெளிந்துவிட்டால் ஜம்பரில் தப்பில்லை, நேரே ஏஜிசிக்குப் போங்கள்.

அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் காலை நாகஸ்வரத்தில் இரண்டு நிமிடம் பதிவு செய்து இங்கே போடுங்கள். ப்ராசஸர் அவுட்புட்டிலிருந்து எடுத்தது ஒன்று, போன் ரேடியோவில் பிடித்தது ஒன்று, இரண்டும் ஒரே நேரத்து ஒலியாக இருக்கட்டும்.